தெரிவும் விளைவும்: கதைமாந்தரின் இரண்டாம் முடிவு

வேறு வழியும் தமக்கு உண்டு என்று அறிந்த நிலையில், கதைமாந்தர் ஒருவர் ஒன்றை விட்டு மற்றொன்றைக் கைக்கொள்வதே இந்த அத்தியாயத்தில் தெரிவு எனப்படுகிறது. அத்தெரிவினால் அவர் வாழ்விலோ அவரைச் சார்ந்தோர் வாழ்விலோ நேரும் மாற்றம் விளைவு. அம்மாற்றம் தம் செயலால் வந்தது என்று உணர்ந்தபின் அவர் செய்வது எதிர்கொள்ளல். கதை எழுதப் பழகுவோர் பெரும்பாலும் முதலிரண்டில் மட்டும் கருத்தைச் செலுத்தி, தவறியவருக்குத் தக்க கேடு வந்து சேர்ந்ததுமே கதை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகின்றனர். கேடு வருவது வெறும் நிகழ்ச்சி. அதன் முன் நின்று அந்த மாந்தர் எடுக்கும் இரண்டாம் முடிவே அவர் யார் என்பதை வாசகருக்குக் காட்டுகிறது. அந்த இரண்டாம் முடிவுக்கு இடம் அமைத்துத் தருவது எவ்வாறு என்பதை, நன்கு அறியப்பட்ட சில படைப்புகளைக் கொண்டு இங்கே காணலாம்.

தெரிவு என்று சொல்லத் தகுவதற்கு மாற்று வழி ஒன்று கதைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்தவன் துன்புறுகிறான், ஆனால் அத்துன்பம் அவன் தெரிவின் விளைவு அன்று. வெள்ளம் வரும் என்று ஊர்த் தண்டோரா கேட்டபின்னும் அடகுக் கடைச் சாவியை விட்டு நகர மறுத்தவனுக்கு நேர்வதே விளைவு. கும்பகருணனைக் கம்பர் படைத்த விதம் இதற்கு நல்ல சான்று. அண்ணன் செய்தது தவறு என்று அவையிலேயே இடித்துரைத்தவன் அவன். போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து, இராமன் பக்கம் சேர்ந்து உயிர் பிழைக்குமாறு அழைக்கவும் செய்கிறான். வழி திறந்தே கிடக்கிறது. சோறிட்டு வளர்த்தவனுக்காகச் சாவதே தனக்குரியது என்று அவன் அதை மறுக்கிறான். வீடணனை வரவழைத்து அந்த உரையாடலைக் கம்பர் நிகழ்த்திக் காட்டியிராவிட்டால், கும்பகருணன் சாவு போரில் விழுந்த பல்லாயிரவரின் சாவுகளில் ஒன்றாகவே போயிருக்கும்.

கொலைக்களத்திலிருந்து அரசவை வரை

விளைவு என்பது ஒரு செயலிலிருந்து நேர்கோட்டில் வந்து விழுவதில்லை. பலருடைய சிறு சிறு தெரிவுகளின் வழியாகவே அது வந்து சேர்கிறது. இதனைத் தமிழில் சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நூல் வேறில்லை என்றே சொல்லலாம். அரசாட்சியில் தவறியவரை அறமே எமனாய் நின்று அழிப்பது, கற்புடைய பெண்ணைச் சான்றோர் போற்றுவது, முன்வினை தன் பயனைக் கொண்டுவந்து சேர்ப்பது என்று மூன்று கருத்துகளை அந்நூலின் பதிகம் முன்வைக்கிறது. மூன்றாவதாகிய ஊழ், அதாவது முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பில் பலிப்பது, கதாசிரியர் ஒருவருக்கு மிக எளிதான கருவி. எந்தக் கேட்டையும் அதன் தலையில் கட்டிவிடலாம். இளங்கோவடிகள் அதைக் கையாண்ட விதமே கூர்ந்து நோக்கத்தக்கது. வினையைப் பற்றிய குறிப்புகள் இடையிடையே வந்தாலும், கதைத்தலைவன் கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்ததும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமும் மதுரை எரிந்தபிறகு, இருபத்து மூன்றாவதாகிய கட்டுரை காதையில்தான் மதுராபதித் தெய்வத்தின் வாயால் வெளிப்படுகின்றன. நிகழ்ச்சிகள் நிகழும்போது வாசகர் காண்பது ஊழை அன்று, மனிதர்களையே.

பதினாறாவதாகிய கொலைக்களக் காதையை இந்நோக்கில் படித்தால் அதன் கட்டுக்கோப்பு புலப்படும். பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் திருடியவன். விற்பதற்கு ஒரு காற்சிலம்போடு வெளியூரானாகிய கோவலன் எதிர்ப்பட்டதும், தன் திருட்டை மறைக்க வழி கிடைத்தது என்று முடிவு செய்கிறான். ஊடி அரங்கை விட்டுச் சென்ற கோப்பெருந்தேவியைத் தணிவிக்க விரைந்துகொண்டிருக்கும் பாண்டியன், நின்று விசாரிக்காமல், அச்சிலம்பு அவனிடம் இருப்பின் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரும்படி ஆணையிட்டுவிட்டுப் போகிறான். காவலர் உடனே வெட்டிவிடவில்லை. கோவலனைப் பார்த்ததும், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களை எள்ளி நகைத்து, கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டுவகை உத்திகளை விரித்துரைத்து அத்தயக்கத்தைக் கரைக்கிறான். அப்போதும் முடிவெடுத்தவர் எவரும் இல்லை. கல்வியறிவற்ற, குடிவெறியில் இருந்த காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஓர் ஆணைக்கும் ஒரு சாவுக்கும் இடையே இத்தனை பேர், இத்தனை தயக்கங்கள். நின்றிருக்கக்கூடிய இடங்கள் பல இருந்தும் நிற்காமல் போனதே இக்காட்சியின் பதைப்புக்குக் காரணம். தம் கதையில் விளைவு திடீரென்று விழுவதாக உணரும் எழுத்தாளர், செயலுக்கும் விளைவுக்கும் இடையே நிற்பவர் யார் யார், அவர்கள் ஒவ்வொருவரும் எதனால் விலகி நின்றனர் அல்லது இசைந்தனர் என்று எழுதிப் பார்ப்பது பயன் தரும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் விட முடியாது. கோவலன் செய்த தவறு, மனைவி கண்ணகியைப் பிரிந்து ஆடல்மகள் மாதவியிடம் தங்கிப் பொருளை அழித்தது. அவன் கொலையுண்டதோ செய்யாத திருட்டுக்காக. இரண்டும் வெவ்வேறு. ஆகவே அவன் தன் தெரிவை எதிர்கொள்ளும் இடம் கொலைக்களம் அன்று, அதற்குச் சற்று முன்னதாக ஆயர்சேரியில் மாதரி தந்த மனையில் நிகழும் உரையாடலே. கண்ணகி தானே சமைத்து, வாழை இலையிட்டு அவனை உண்பிக்கிறாள். உண்டு முடித்தபின், பெற்றோரை விட்டதையும், அவளுக்கு இழைத்த கொடுமையையும், புறப்படு என்றதும் மறுபேச்சின்றி அவள் புறப்பட்டதையும் அவன் வாய்விட்டுச் சொல்கிறான். அவள் தேற்றுவதுடன் நின்றுவிடவில்லை. பெரியோர் போற்றாத ஒழுக்கத்தை மேற்கொண்டீர் என்ற பொருள்படவும் பேசிவிடுகிறாள். அந்த ஒற்றைக் கூற்றுக்காகவே அக்காட்சி நிலைத்து நிற்கிறது. சாவுக்கு முன்பே இக்கணக்கு தீர்க்கப்பட்டுவிடுவதால், பின்னர் வரும் கொலை அவனுக்குக் கிடைத்த தண்டனையாகத் தோன்றாமல் அநீதியாகவே தோன்றுகிறது. காட்சிகளின் வரிசை மாறியிருந்தால் கண்ணகியின் சினத்துக்கு இவ்வளவு வலு இருந்திராது.

பாண்டியனோ தன் தெரிவின் விளைவைச் சில நொடிகளுக்குள் எதிர்கொள்ள வேண்டியவன். வழக்குரை காதையில் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து, அரசியின் சிலம்பில் இருந்த முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறிக்கிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், அறியாமையிலிருந்து அறிவுக்கு ஒருவர் பெயர்வதை அனக்னோரிசிஸ் என்றும், நிலைமை நேர்மாறாகப் புரண்டுவிடுவதைப் பெரிபெட்டியா என்றும் பெயரிட்டு, இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வதே சிறந்தது என்றார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு சோபக்ளீஸ் இயற்றிய ஈடிபஸ் மன்னன் நாடகம். வழக்குரை காதையும் அதே இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. ஈடிபஸும் பாண்டியனும் நீதி வழங்கும் இடத்தில் இருந்தவர்கள், குற்றவாளி தாமே என்று அறிந்தவர்கள். பாண்டியன் தானே கள்வன் என்று தன்மேல் தீர்ப்புக் கூறிக்கொண்டு அங்கேயே வீழ்ந்து மடிகிறான். ஈடிபஸ் சாகவில்லை, மனைவியாகவும் தாயாகவும் இருந்த யொக்காஸ்டா தூக்கிட்டு இறந்ததைக் கண்டு, அவள் ஆடையில் இருந்த ஊசிகளால் தன் கண்களைக் குத்திக்கொண்டு, முன்பு கொலைகாரனுக்கென்று தானே விதித்த நாடுகடத்தலைத் தனக்கு வேண்டுகிறான். அறிந்தபின்னும் வாழ்ந்தாக வேண்டிய நிலையே எழுதுவதற்குக் கடினமானது. இன்றைய கதைக்கு அதுவே பெரும்பாலும் ஏற்றது. சாவை முடிவாக வைக்க விரும்புபவர், பாண்டியன் வாய்ச்சொல்லை நினைவில் கொள்ளவேண்டும். சாவதற்கு முன் அவன் சொன்ன சொல்லே அச்சாவை வெறும் வீழ்ச்சியிலிருந்து காத்து, பின்னர் பேரியாற்றங்கரையில் அச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வளைந்த கோலை அவன் உயிர் நிமிர்த்திற்று என்று போற்றும் அளவுக்கு உயர்த்திற்று.

விளைவின் வட்டம் எவ்வளவு தொலைவு விரியும் என்பதையும் இதே காப்பியம் காட்டுகிறது. அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் புகுகிறாள். வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். கோவலன், கண்ணகி இருவரின் தாயரும் இறக்கின்றனர், தந்தையர் துறவு பூணுகின்றனர். மாதவி பௌத்த நெறியை மேற்கொள்கிறாள். இவற்றில் ஒன்றுகூடத் தனிக் காட்சியாக நீட்டப்படவில்லை. மாடலன் என்னும் மறையவன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்தியாக, நீர்ப்படைக் காதையில் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. நடுவில் நிற்பவருக்குக் காட்சி, ஓரத்தில் நிற்பவருக்குச் செய்தி என்னும் இந்தப் பங்கீட்டைப் புதினம் எழுதுவோர் அப்படியே கைக்கொள்ளலாம். கொற்கையிலிருந்த பாண்டிய குலத்து வெற்றிவேற் செழியன், நாட்டில் நேர்ந்த கேட்டைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகவும் நூல் சொல்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒருவன் செய்ததற்கு ஆயிரவர் சாவதைக் கவிஞர் நியாயம் என்றோ அநியாயம் என்றோ விவாதிக்கவில்லை. படிப்பவர் மனம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரே நிகழ்ச்சி, இரண்டு படைப்புகள்

ஒரு தெரிவுக்கு இன்ன விளைவுதான் வரும் என்ற கட்டாயம் இல்லை என்பதைத் தமிழில் ஜெயகாந்தன் ஏறக்குறைய ஒரு சோதனையாகவே செய்து காட்டினார். 1966இல் ஆனந்த விகடனில் வெளியான அக்கினிப் பிரவேசம் சிறுகதையில், மழையில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாயின் முதல் கதறல் பின்கட்டுக் குடித்தனக்காரர் காதில் விழுந்துவிடுகிறது. என்ன என்று கேட்டவர்களுக்கு, பெண் மழையில் தெப்பமாக நனைந்து வந்ததற்காகத் திட்டியதாகச் சொல்லிச் சமாளித்துவிட்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று சொல்லி, யாரிடமும் இதைச் சொல்லக்கூடாது என்கிறாள். மகள் வாயில் இன்னும் மென்றுகொண்டிருப்பது அவன் கொடுத்த சூயிங்கம். அதையும் துப்பச் சொல்கிறாள். கதையின் மையத் தெரிவு பெண்ணுடையது அன்று, தாயுடையது.

அம்முடிவை ஏற்காத வாசகர்களின் எதிர்ப்பு வலுத்தது. அதன்பின் ஜெயகாந்தன் அந்த ஒரு கண்ணியை மட்டும் மாற்றினார். சில நேரங்களில் சில மனிதர்கள் புதினத்தில் தாய் கத்திவிடுகிறாள்; செய்தி வீட்டுச் சுவரைத் தாண்டுகிறது; அண்ணன் தங்கையை வெளியேற்றுகிறான்; அவளுக்குக் கங்கா என்ற பெயரும், மாமன் வீட்டுத் தயவில் படிப்பும், வேலையும், அந்தத் தயவுக்கு மாமன் எதிர்பார்க்கும் விலையும் வந்து சேர்கின்றன. முதற்கதையை எழுதிய எழுத்தாளர் ஒருவரும் இப்புதினத்துக்குள் ஒரு பாத்திரமாக வருவது, ஆசிரியர் தம் வாசகர்களோடு நடத்திய வழக்காடலின் நீட்சி. 1970இல் நூலாக வந்த இப்புதினத்துக்கு 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இரண்டிலும் காரில் நடந்தது ஒன்றே. ஒன்றில் அது ஓர் இரவோடு முடிகிறது. மற்றொன்றில் பல ஆண்டுகளை விழுங்குகிறது. வேறுபாட்டை உண்டாக்கியது செயல் அன்று, அதை முதலில் கேட்டவர் செய்த காரியம். இதிலிருந்து எழுதுபவருக்குக் கிடைக்கும் கேள்வி மிக நடைமுறையானது: இச்செயலை முதலில் அறிபவர் யார், அவருக்கு எதனிடம் அச்சம், சுவரின் மறுபுறம் யார் குடியிருக்கிறார்? இக்கேள்விக்கு விடை எழுதும்போது இன்னொன்றும் தானே வெளிப்படும். குற்றம் செய்தவன் காரோட்டி வந்தவன். விலை கொடுத்தவள் அந்தப் பெண். விளைவு எப்போதும் குற்றத்தின் அளவுக்கேற்பப் பங்கிடப்படுவதில்லை. சாதி, பணம், பால் முதலியவை அதை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தள்ளிவிடுகின்றன. அவ்வாறு தள்ளப்படுவதை மறைத்து, துன்பப்பட்டவளே ஏதோ பிழை செய்தவள் போல் கதையை அமைப்பது கலைக்குறைபாடு மட்டும் அன்று, பொய்யும் ஆகும்.

தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தக்கது. அதில் அலங்காரம் தன் மணவாழ்வுக்கு வெளியே கொண்ட உறவுக்குத் தானே ஒரு கழுவாய், அதாவது குற்றத்தைத் தீர்க்கும் செயல், வகுத்துக்கொண்டு, மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பிவிடுகிறாள். தன் கணக்கைப் பிறர் வாழ்வில் தீர்க்க முயல்வதும் எதிர்கொள்ளலின் ஒரு வகையே. ஒருவேளை மனிதர்கள் மிக அதிகமாகக் கையாளும் வகையும் அதுவே.

பக்கங்களின் பங்கீடு

எதிர்கொள்ளலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதற்குத் தஸ்தயேவ்ஸ்கி 1866இல் எழுதிய குற்றமும் தண்டனையும் ஒரு வலுவான அளவுகோல். ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்ட அப்புதினத்தில், ரஸ்கோல்னிகோவ் அடகுக்காரக் கிழவியைக் கொல்வது முதற்பாகத்தின் இறுதியிலேயே நடந்துவிடுகிறது. எதிர்பாராமல் அங்கு வந்துவிட்ட அவள் தங்கை லிசவெத்தாவையும் அவன் கொன்றுவிடுகிறான். எஞ்சிய ஐந்து பாகங்களும் அதன் பின்விளைவுகளே: காய்ச்சல், பிதற்றல், நண்பனிடம் எரிச்சல், திருடிய பொருளைத் தொடவும் மனமின்மை, விசாரணை அதிகாரியோடு சொற்போர். நீதிமன்றத் தண்டனையாகிய எட்டாண்டுச் சைபீரியச் சிறை பின்னுரையில்தான் வருகிறது. தண்டனை என்று தலைப்பில் இருப்பது அச்சிறை அன்று என்பதை இந்தப் பங்கீடே சொல்லிவிடுகிறது.

இறுதிக்கு முந்தைய காட்சி தனியாகக் கற்கத்தக்கது. குற்றத்தை ஒப்புக்கொள்ளக் காவல் நிலையம் சென்ற ரஸ்கோல்னிகோவ், தன் குற்றத்தை அறிந்திருந்த ஒருவன் தற்கொலை செய்துகொண்டதை அங்கே கேள்விப்பட்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி வெளியே வந்துவிடுகிறான். தப்பிக்கும் வழி உண்மையாகவே திறந்துவிட்டது. வாசலுக்கு அருகே, குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு அவனைத் தூண்டிய சோனியா வெளிறிய முகத்தோடு நிற்கிறாள். சிறிது நின்று பார்த்துவிட்டு, திரும்பப் படியேறிப் போய்ச் சொல்லிவிடுகிறான். முதல் தடவையே சொல்லியிருந்தால் அது வந்த காரியம் முடிந்தது என்ற அளவில் நின்றிருக்கும். தப்ப வழி கிடைத்தபின் திரும்பியதே தெரிவு ஆகிறது.

தற்செயலும் தண்டனையும்

தற்செயல் நிகழ்ச்சியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பதற்கு ஒரு பழைய விதி போதும். மாந்தரைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை வாசகர் ஏற்றுக்கொள்வர். சிக்கலிலிருந்து விடுவிக்கும் தற்செயலை ஏற்பதில்லை. கோவலன் எதிரே அந்தப் பொற்கொல்லனே வருவது தற்செயல்தான், எவரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. கடன்பட்டவன் கழுத்தில் கயிறு ஏறும் நேரத்தில் பரிசுச்சீட்டு விழுந்து, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவதைத்தான் வாசகர் ஏமாற்று என்று கருதுகின்றனர். யூரிப்பிடீஸின் மெடியா நாடகத்தில், பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் சூரியதேவனின் தேரில் ஏறித் தப்பிவிடுவதை அரிஸ்டாட்டிலே குறைகூறினார். அக்குறையை முழுமையாக ஏற்கவேண்டியதில்லை. தேர் அவள் உடலைத்தான் கொண்டுபோகிறது. பிள்ளைகளின் உடல்களும் அதே தேரில்தான் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான பிழை, ஆசிரியரே நீதிபதியாக அமர்ந்துவிடுவது. தமிழ்த் திரைப்படங்கள் நெடுங்காலம் பழக்கிவிட்ட வழக்கத்தில், நெறி தவறிய பெண் இறுதிச் சுருளில் குண்டடிபட்டோ காய்ச்சலிலோ இறந்து கதாநாயகனின் குடும்பத்துக்கு வழிவிடுகிறாள். வில்லனைப் பிடிக்கக் காவலர் சரியான நேரத்தில் வந்துவிடுகின்றனர். அங்கே மாந்தர் எதையும் எதிர்கொள்வதில்லை, அப்புறப்படுத்தப்படுகின்றனர். புதுமைப்பித்தனின் சாபவிமோசனத்தில், இராமனால் கல் நீங்கப்பெற்ற அகலிகை, அதே இராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். வெளியிலிருந்து வந்த மன்னிப்பும் தண்டனையைப் போலவே மாந்தரின் மனத்தைத் தீர்த்துவைக்காது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டுவதில்லை.

பயிற்சியாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். முடித்துவிட்டதாகக் கருதும் கதை ஒன்றை எடுத்து, அதன் இறுதிக் காட்சிக்கு மறுநாள் காலையை ஒரு பக்கத்தில் எழுதவேண்டும்: அந்த மாந்தர் எங்கே கண்விழிக்கிறார், முதலில் யார் முகத்தில் விழிக்கிறார், அவரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறார். அப்பக்கம் எளிதாக வந்து, ஏற்கெனவே உள்ள முடிவைவிட வலுவாகவும் இருந்தால், அதுவே கதையின் முடிவு, பழையதை நீக்கிவிடலாம். அப்பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லையென்றால், கோளாறு கடைசிக் காட்சியில் இல்லை. தெரிவு நிகழ்ந்த காட்சியில் மாற்று வழி காட்டப்படவில்லை என்று பொருள். திருத்தத்தை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.